யங் குணகச் சோதனை: விடை எங்கே பிசகுகிறது?

யங் குணகம் (E) என்பது ஒரு பொருள் நீள, வளைய எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதன் அளவு. அதைக் கண்டறிய, பொறியியல் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் செய்யும் சீரற்ற வளைவுச் சோதனைக்கு (இரு பக்கமும் தாங்கி, நடுவில் எடை தொங்கவிடுவது) கருவிகள் குறைவு: மர மீட்டர் ஸ்கேல், இரண்டு கத்தி முனைகள், எடைதாங்கி, 50 கிராம் எடைகள், குண்டூசி, டிராவலிங் மைக்ரோஸ்கோப் (அளவுகோலோடு மேலும் கீழும் நகரும் நுண்ணோக்கி). சூத்திரம் E = Mgl³ / 4bd³y. M தொங்கவிடும் எடை, g புவியீர்ப்பு முடுக்கம், l கத்தி முனைகளுக்கு இடையிலான தூரம், b ஸ்கேலின் அகலம், d தடிமன், y நடுப்புள்ளி இறங்கும் அளவு. இதில் l, d இரண்டும் மூன்றாம் படியில் நிற்கின்றன. விடை பிசகினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஸ்கேலின் 10, 90 செ.மீ. குறிகளுக்கு நேர் கீழே கத்தி முனைகளை வையுங்கள். எடைதாங்கி 50-இல் தொங்கட்டும், குண்டூசியும் அங்கேயே செங்குத்தாக நிற்கட்டும். அப்போது l = 80 செ.மீ. ஸ்கேலின் முழு நீளமான 1 மீட்டரைப் போட்டுவிட்டால் விடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

அளவெடுக்கும் முன் எல்லா எடைகளையும் இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். ஸ்கேல் கத்தி முனைகளில் சரியாகப் படிந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் ஊசி தலைகீழாகத் தெரியும். எடை ஏற ஏற ஊசி இறங்கும், பிம்பமோ மேலே போகும். குழப்பிக்கொள்ள வேண்டாம், மைக்ரோஸ்கோப்பை இறக்கித்தான் பிடிக்க வேண்டும். எடை ஏற்றும்போது திருகை ஒரே திசையில் திருப்புங்கள். மைக்ரோஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கம்பி ஊசிமுனையைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்கு வந்து மறுபடி நெருங்குங்கள். இல்லாவிட்டால் திருகின் தளர்வு அளவீட்டில் சேர்ந்துவிடும். மைக்ரோஸ்கோப்பின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.001 செ.மீ.

0 முதல் 250 கிராம் வரை ஆறு அளவீடுகள், பிறகு இறக்கும்போது ஆறு. ஒவ்வொரு எடைக்கும் இரண்டின் சராசரி. இரண்டும் வெகுவாக விலகினால் ஊசி அசைந்திருக்கும், அல்லது ஸ்கேல் வழுக்கியிருக்கும். மறுபடி எடுப்பதே நல்லது. அடுத்தடுத்த வித்தியாசங்களைச் சராசரி எடுக்காதீர்கள்: கூட்டும்போது நடு அளவீடுகள் எல்லாம் அடிபட்டு, முதலும் கடைசியும் மட்டுமே மிஞ்சும். 150-லிருந்து 0, 200-லிருந்து 50, 250-லிருந்து 100 என்று கழியுங்கள். அப்படிக் கிடைக்கும் y-க்கு M = 0.150 கிலோ. இங்கே 0.050 என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. விடை மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

அகலம் b-க்கு வெர்னியர் போதும். தடிமன் d-க்குத் திருகு அளவிதான் வேண்டும். ஐந்து இடங்களில் எடுங்கள், சுழிப்பிழையை (முனைகள் மூடியிருக்கும்போதே அளவி காட்டும் அளவை) திருத்துங்கள். 6 மி.மீ. தடிமனில் 0.05 மி.மீ. சுழிப்பிழையை விட்டுவிட்டால் E-இல் 2.5 விழுக்காடு பிழை. புரிக்கோலில் (திருகு அளவியின் மி.மீ. அளவுகோலில்) 1 மி.மீ. குறைத்துப் படித்தால் E 1.7 மடங்காகும்.

b = 2.5 செ.மீ., d = 6 மி.மீ. உள்ள மர ஸ்கேலுக்கு y ஏறக்குறைய 3.5 மி.மீ. வரும், E ஏறத்தாழ 10¹⁰ நியூட்டன்/மீ². ஆயிரம், கோடி மடங்குகளில் தள்ளிப் போயிருந்தால் அளவீட்டைத் திரும்ப எடுக்க வேண்டாம். மி.மீ., செ.மீ.யை மீட்டராக்கிய வரியைப் பாருங்கள்.