எண்ணிக்கை வேண்டாம், நேரத்தைக் காட்டுங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் பேச்சு, மொழிச் சிகிச்சையாளராக இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. "என்னிடம் 60 பிள்ளைகள்" என்று முதல்வரிடம் முறையிட்டால், "யாருக்குத்தான் வேலை இல்லை?" என்பார். அதற்குப் பதில், ஒரு வாரத்தைக் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துச் செய்ததையெல்லாம் குறித்துவையுங்கள்: மதிப்பீட்டு அறிக்கை, பெற்றோர் கூட்டம், பள்ளிவிட்டுப் பள்ளி கார் ஓட்டியது, உணவுக்கூடக் காவலும்தான்! அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கமான ஆஷா (ASHA) 2002 முதலே தலைகளை எண்ணாமல் மொத்த வேலைப்பளுவைக் கணக்கிடச் சொல்கிறது. தாளை நீட்டும்போது கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். மூன்று வாரம் நேரடிப் பயிற்சி, நான்காவது வாரம் மதிப்பீடும் ஆசிரியர் ஆலோசனையும் என்ற முறையைக் கேட்கலாம். ஆனால் பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தில் (என்ன உதவி, எத்தனை முறை என்று எழுதிவைத்து, பள்ளி கட்டாயம் பின்பற்றவேண்டிய IEP ஆவணம்) "வாரம் இருமுறை" என்றிருந்தால் அது நடக்காது. அந்தத் திட்டத்துக்கான அடுத்த கூட்டத்தில் பெற்றோரிடமும் பேசி, "மாதம் ஆறு முறை" என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.