இலையுதிர் காலத்தில் யப்பானியத் தோட்டம் பார்க்கச் செல்வோருக்கு

யப்பானில் படிக்கும் அல்லது வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்க வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து புறப்படும் பெற்றோர், அந்நாட்டின் செர்ரிப் பூக்களைப் பற்றியே பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பர். பயண மாதத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு உங்களுக்கு இருக்குமானால் நவம்பரைத் தெரிவுசெய்யுங்கள். மலர்ந்த செர்ரி ஒரு வாரமளவில் கொட்டிவிடும். இலைகளின் நிறம் அதைவிட நெடுநாள் நிற்கும். காலபோக விதைப்பும் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால், வயலைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் கமக்காரரும் போய்வரலாம்.

நிறமாற்றம் செப்டெம்பரில் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ மலைகளில் தொடங்கி மெல்லத் தெற்கே இறங்கும். கனசாவா நகரில் நவம்பர் நடுப்பகுதியையொட்டியும், டோக்கியோவிலும் கியோட்டோவிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசெம்பர் முற்பகுதி வரையும் அது உச்சம் பெறும். இரவுக் குளிர் கூடும்போது இலையின் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் ஜிங்கோ மரத்தில் வெளிப்படுகிறது. மேப்பிள் மரமோ இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து சிவப்பைப் புதிதாகவே உண்டாக்குகிறது. வெயிலுள்ள பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால் அந்தச் சிவப்பு ஆழமாக இருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு நாட்கள் முன்பின்னாகும்; இலையுதிர் காலந்தோறும் வெளியாகும் நிறமாற்ற முன்னறிவிப்பைப் பிள்ளைகளிடம் கேட்டறிந்து, எந்த நாளில் எந்த நகரம் என்பதைக் கடைசியில் முடிவுசெய்வதே நல்லது.

குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வாழும் வன்னிப் பகுதி மக்களுக்கு நான் முதலிற் சொல்வது கனசாவாவின் கென்ரொகுஎன் தோட்டத்தையே. யப்பானின் மூன்று பெருந்தோட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இது, மேட்டு நிலத்தில் அமைந்திருந்தும் நீருக்குக் குறைவில்லாதது. 1631இல் மூண்ட பெருந்தீயில் கனசாவாக் கோட்டை எரிந்தபின், 1632இல் சாய் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிக் கோட்டைக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அந்த நீரே பின்னர் இத்தோட்டத்தின் ஓடைகளுக்கும் கசுமிகைகே குளத்துக்கும் ஆதாரமாயிற்று. குளத்துக்குக் கீழே ஒரு நீரூற்று பீறிடுவதைக் காண்பீர்கள். அதற்கு இயந்திரம் கிடையாது, மேலிருக்கும் குளத்துக்கும் ஊற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடே நீரை எழுப்புகிறது. மேப்பிளைப் பார்த்துக்கொண்டே இதைக் கடந்துவிடாதீர்கள். நீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது என்று ஓடையைத் தொடர்ந்து நடந்தால் தோட்டத்தின் அமைப்பு தானாகப் பிடிபடும்.

அதே குளக்கரையில் இரண்டு கால்களுடைய கல்விளக்கு ஒன்று நிற்கிறது. நீண்ட கால் நீருக்குள்ளும் குட்டைக் கால் கரைக்கல்லின் மீதும் ஊன்றியிருக்கும். படம் எடுக்க அங்கே வரிசை நிற்பதுண்டு. நவம்பர் 1ஆம் திகதி முதல் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலையும் நடக்கும்: நடுவில் உயர்ந்த கம்பத்தை நாட்டி, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இறக்கிக் கட்டுவார்கள். ஈரப்பனியின் பாரத்தில் கிளை முறியாதிருக்கவே இந்த ஏற்பாடு.

டோக்கியோவில் நேரம் குறைவானால் 1702இல் நிறைவுற்ற ரிக்குகியென் தோட்டமே போதும். ஆனால் அங்கு நவம்பர் கடைசியில் மாலை 4.30 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் வெயில் தணியட்டும் என்று காத்திருந்தால் இருட்டைத்தான் பார்க்க நேரும். மதிய உணவுக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள்.

கியோட்டோவின் தொஃபுகுஜி ஆலயம் மேப்பிளுக்குப் பேர்போனது, கூட்டத்துக்கும் அப்படியே. நவம்பர் 23 பொது விடுமுறை. அதையும் வார இறுதிகளையும் தவிர்த்து, வாயில் திறக்கும் நேரத்துக்கே செல்லுங்கள். பாசித் தோட்டமுள்ள சைஹோஜி ஆலயத்துக்குப் போக நினைப்போர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது அவசியம்; காட்சுரா அரண்மனைத் தோட்டத்துக்கும் அப்படிச் செய்வதே நல்லது. ரியோஅன்ஜி ஆலயத்துக் கல்தோட்டத்தில் வெண்சரளையின் மீது 15 கற்கள் மட்டுமே உள்ளன. திண்ணையில் எங்கிருந்து பார்த்தாலும் எல்லாக் கற்களும் ஒருசேரத் தெரியாதபடி அவை வைக்கப்பட்டுள்ளன. இடம் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள். ஒரே நாளில் நான்கு ஆலயங்களை ஓடிப் பார்ப்பதைவிட இரண்டை இருந்து பார்ப்பதே, அதுவும் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு, மேல்.

கியோட்டோவில் அக்காலத்துக் காலைகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். சேலை உடுப்பவர்கள் உள்ளே நீண்ட கம்பளி உள்ளாடையும் மேலே குளிர் அங்கியும் அணிய வேண்டும். ஆலயக் கட்டடங்களுக்குள் பாதணி கழற்ற வேண்டியிருப்பது நமக்குப் புதிதல்ல. மரத்தரையின் சில்லிப்புத்தான் புதிது, ஆதலால் தடித்த காலுறையும் கயிறு கட்டத் தேவையில்லாத சப்பாத்தும் உதவும். பாசியில் கால் வைக்கக் கூடாது, இலையைப் பறிக்கக் கூடாது. பாதையில் கறுப்புக் கயிறு சுற்றிய சிறு கல் ஒன்று இருந்தால் அதற்கப்பால் போகக் கூடாது என்று பொருள். வேலியோ அறிவிப்புப் பலகையோ இருக்காது.

மழை வந்தால் திட்டத்தைக் கைவிட வேண்டாம். பாசி கரும்பச்சையாகி, கற்களின் நிறம் துலங்கி, கூட்டமும் குறைந்திருக்கும். விடுதிகள் இக்காலத்தில் விரைவாக நிரம்பிவிடுவதால் அறையைச் சில மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை என்பதால் கொழும்புப் பயணத்துக்கும் சேர்த்தே நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.