சார்ஜிங் ஸ்டேஷனுக்கு சிம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திண்டிவனம் பக்கம் ஒரு சைட்டுக்குப் புதுப் பையன்கள் இரண்டு பேரோடு போயிருந்தேன். மின்சாரக் கார் சார்ஜர் தன் சர்வரோடு பேசுவதும், ஆப்பிலிருந்து வரும் ஸ்டார்ட் கட்டளையை வாங்குவதும் உள்ளே இருக்கும் சிம் வழியாகத்தான். சிம்மைச் செருகினார்கள், பச்சை விளக்கு எரிந்தது. காரைச் சொருகிப் பார்த்தார்கள், கரண்ட் ஏறியது. உடனே ஓனரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார்கள். நாலு வருடம் முன்னால் நானும் இப்படித்தான் கிளம்பினேன். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது எனக்குத் தெரியும்.

சிம்மைத் தலைகீழாகப் போடுவது, ரீசார்ஜ் மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு நாளில் தாமாகவே தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பவைதான் ஆபத்து.

போனில் சிக்னல் பார்த்து முடிவெடுப்பது

உங்கள் கையில் இருக்கும் போன் வேறு, சார்ஜருக்குள் இருக்கும் மோடம் வேறு. இரண்டின் ஆண்டெனாவும் ஒன்றல்ல, பிடிக்கும் அலைவரிசைகளும் ஒன்றல்ல. போனில் நாலு கோடு காட்டும் இடத்தில் மோடம் திணறும். மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி என்ற சிக்னல் பலத்தின் அளவைப் பாருங்கள். மைனஸ் 90க்கு மேலே இருந்தால் நிம்மதி. மைனஸ் 110க்குக் கீழே போனால் அந்த இடத்தில் ஆண்டெனாவை வெளியே கொண்டுவராமல் வேலையை முடிக்காதீர்கள். சார்ஜரின் கதவைப் பூட்டிவிட்டு அளக்க வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் வண்டிகள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆண்டெனாவை வெளியே எடுக்கிறேன் என்று கையில் கிடைத்த மெல்லிய கேபிளில் 10 மீட்டர் இழுப்பதும் வீண். ஆர்ஜி 174 ரகக் கேபிளில், 4ஜி ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸில், மீட்டருக்கு 1 டெசிபெலுக்கு மேல் கரைந்துபோகும். 10 மீட்டர் தாண்டும்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

ஏபிஎன்

சிம் எந்த வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர் இது. மோடம் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். கையால் அடியுங்கள்.

பிங்கை அணைத்து வைப்பது

பிங் என்பது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது அனுப்பும் குட்டிச் செய்தி. இன்னமும் எனக்குக் கோபம் வருவது அதை அணைத்து வைப்பதை நினைத்தால்தான். புதிதாக வருகிறவர்கள் ஒருவர் விடாமல் இதைச் செய்கிறார்கள்.

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஹைவே ஓட்டல் வாசலில் ஒரு சார்ஜர் போட்டோம். பகலெல்லாம் அருமையாக ஓடியது. ஒரு வாரம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு போன். "சார், ஆப்ல பச்சையா காட்டுது, ஸ்டார்ட் கொடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. பேட்டரி ஏழு பர்சென்ட்தான் இருக்கு, பின்னாடி குழந்தைங்க தூங்குது." ஓட்டல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துப் போடச் சொன்னேன். ஓடியது. அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த வாரமும். கடைசியில் அவரே எங்களைக் கேட்காமல் செய்ய ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, ஆஃப் பண்ணிட்டுப் பத்து எண்ணிப் போட்டா சரியாயிடுது" என்றார்.

சிக்னல் கோளாறு என்று நினைத்து சிம்மை மாற்றினோம், கம்பெனியை மாற்றினோம், ஆண்டெனாவைக் கம்பத்தில் ஏற்றினோம். சென்னையிலிருந்து நாலு தடவை போய்வந்தோம். நாங்கள் நிற்கும்வரை அது ஒரு முறைகூடச் சாகவில்லை.

காரணம் இதுதான். மொபைல் கம்பெனி சார்ஜருக்கு இணையத்தில் தனி வெளி முகவரி (ஐபி) தருவதில்லை. ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பங்குபோட்டுக்கொள்ளும். எந்தக் கருவி எந்த சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று கம்பெனியின் கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொல்கிறது. ஆனால் பல மொபைல் நெட்வொர்க்குகள் சில நிமிடங்களிலேயே அழித்துவிடுகின்றன. அழித்ததைச் சார்ஜருக்கும் சொல்லாது, சர்வருக்கும் சொல்லாது. இரண்டும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஆப்பில் பச்சை, சார்ஜரில் பச்சை. நடுவில் வழி இல்லை. ஸ்டார்ட் கட்டளை பாதியிலேயே விழுந்துவிடும்.

பகலில் ஏன் தெரியவில்லை? வண்டி சார்ஜ் ஏறும்போது மீட்டர் அளவுகள் போய்க்கொண்டே இருக்கும், பட்டியலில் வரி அழியாது. ராத்திரி வண்டி இல்லாத நேரத்தில்தான் சாகும். நாங்கள் போய் நின்றால் சோதனை என்று ஏதாவது தட்டிக்கொண்டே இருப்போம். அதனால் எங்கள் கண்ணில் படவே இல்லை.

எங்கள் செட்டிங்கைத் திறந்து பார்த்தபோது, சார்ஜர் தான் இருப்பதை சர்வருக்குச் சொல்லும் ஹார்ட்பீட் 3600 விநாடிக்கு ஒரு முறை. வெப்சாக்கெட் பிங் இன்டர்வெல், அதாவது பிங்குக்கான இடைவெளி, 0. சார்ஜரும் சர்வரும் பேசும் மொழியான ஓசிபிபி 1.6இல் 0 என்றால் சார்ஜர் தன் பக்கத்திலிருந்து பிங் அனுப்பாது என்று பொருள். டேட்டா மிச்சம் பிடிக்க எங்கள் டீமிலேயே ஒருவர் வைத்தது. சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு பிங், போக வர எல்லாம் சேர்த்து 200 பைட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1440 முறை. மாதம் முழுக்க 9 எம்பிகூட ஆகாது. அந்த 9 எம்பிக்காக நாலு பயணம், இரண்டு சிம், ஒரு கம்பம், நடுராத்திரியில் குழந்தைகளோடு நின்ற ஒரு குடும்பம்.

இன்னொன்று. செத்த வழியில் சார்ஜர் அடுத்த ஹார்ட்பீட்டை அனுப்பும்போதும் உடனே புரிந்துகொள்ளாது. உள்ளே ஓடும் லினக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் பதில் வராத செய்தியைச் சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் இணைப்பைக் கைவிடும். அப்புறம் புதிதாக இணைந்து தானாகவே சரியாகிவிடும். நீங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் நன்றாக இருக்கும். இணைப்பு இருக்கிறதா என்று தானாகவே சோதிக்கும் லினக்ஸின் கீப்பலைவ் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள், அது வழக்கமாகத் தொடங்கவே 7200 விநாடி ஆகும்.

பிங்கை 60 விநாடியில் வையுங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டால் சார்ஜர் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடுகிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் யாரும் சார்ஜரைத் தொடாமல் டீ குடித்துவிட்டு வந்து, ஆப்பிலிருந்து ஸ்டார்ட் கொடுங்கள். திண்டிவனத்தில் அந்தப் பையன்களை இதற்காகத்தான் உட்காரவைத்தேன். அங்கேயும் இதே கோளாறு மாட்டிக்கொண்டது.

நிலையான வெளி முகவரி வாங்குவது

வேண்டாம். சர்வரைத் தேடிப் போவது சார்ஜர்தான். வெளி முகவரி கொடுத்தால் வேண்டாதவர்கள்தான் கதவைத் தட்டுவார்கள்.

கடிகாரத்தை மறப்பது

கரண்ட் போய் வந்ததும் சில சார்ஜர்களின் கடிகாரம் 1970க்குப் போய்விடும். அப்போது சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று நினைத்து இணைப்பை மறுத்துவிடும். சரியான நேரத்தை சர்வர்தான் சொல்லும், ஆனால் சர்வரோடு பேசவே நேரம் சரியாக இருக்க வேண்டும். நேரம் தரும் சர்வரின் முகவரியைத் தனியாகப் போட்டுவையுங்கள்.

சர்வரை மாற்றிவிட்டு சிம் கம்பெனிக்குச் சொல்லாதது

இயந்திரங்களுக்கென்று 2018 முதல் வரும் 13 இலக்க சிம்களுக்கு, முன்பே சொல்லிவைத்த முகவரிகளோடு மட்டும் பேசும்படி கட்டுப்பாடு உண்டு. சாஃப்ட்வேர் டீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை இடம் மாற்றியது, திங்கள் காலையில் ஒரு சார்ஜர்கூட வரவில்லை. சிக்னல் முழுசாக இருக்கும், ஏபிஎன் சரியாக இருக்கும், வழி மட்டும் அடைத்திருக்கும். புது முகவரியைச் சேர்த்து, அது திறந்ததைச் சோதித்த பிறகுதான் மாற்றம்.

சிம் எண்ணைக் குறிக்காமல் கதவை மூடுவது

சிம்மின் முதுகில் இருக்கும் நீள எண், மோடத்தின் ஐஎம்இஐ, சார்ஜரின் சீரியல் எண். மூன்றும் தெரிகிற மாதிரி ஒரே போட்டோ.