கடைக்கு டொமைன் பெயர் (இணையதள முகவரி) வாங்கும்போது

நினைத்த பெயரை முதலில் போனில் ஒருவரிடம் சொல்லுங்கள். திருப்பிக் கேட்காமல் சரியாக டைப் செய்தால் நல்ல பெயர். ழகரம் வந்தால் சிக்கல்தான்: 'வாழை'யை ஒருவர் இசட்-ஹெச் போட்டு அடிப்பார், இன்னொருவர் வெறும் எல். அந்தப் பெயர்தான் வேண்டுமென்றால் இரண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். ஹைஃபன், எண் வேண்டாம். அதே பெயரில் யாருக்காவது டிரேட்மார்க் இருக்கிறதா என்று அரசின் ஐபி இந்தியா தளத்தில் தேடிவிடுங்கள்.

உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் போதும். டாட் காமும் கிடைத்தால் எடுத்து வையுங்கள். முதல் வருடச் சலுகையில் மயங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

பதிவில் உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். வெப்சைட் செய்பவரின் கணக்கில் விட்டுவிட்டால், அவர் போனை எடுக்காத நாளில் உங்கள் கடைப்பெயர் உங்கள் கையில் இல்லை. அந்த மின்னஞ்சல் இதே டொமைனில் இருக்கவும் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கையும் வந்து சேராது. டாட் காம் வாங்கியதும் வரும் சரிபார்ப்பு மெயிலை 15 நாளுக்குள் கிளிக் செய்யாவிட்டால் தளம் முடங்கும். புதுப்பிக்கத் தவறி டாட் காம் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு.