லாஸ் வேகாஸில் அறை எடுக்கும்முன் கவனிக்க வேண்டியவை

லாஸ் வேகாஸ் போகிறவர்களின் பர்ஸைப் பதம் பார்ப்பது ரிசார்ட் ஃபீ எனப்படும் கட்டாயக் கூடுதல் கட்டணம்தான். அறை வாடகை மலிவாகத் தெரிந்தாலும், ஸ்ட்ரிப் எனப்படும் முக்கியச் சாலைப் பகுதியின் பெரிய கேசினோ (சூதாட்ட) ஹோட்டல்கள் பலவற்றில் ஒரு இரவுக்கு 40, 50 டாலர் இதற்கென்றே போய்விடும். அதற்கு வரி வேறு. வைஃபை, ஜிம் என்று காரணம் சொல்வார்கள். பயன்படுத்தாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் அமெரிக்காவில் அமலுக்கு வந்தது நல்ல விஷயம். இருந்தாலும் வரியெல்லாம் சேர்ந்து வரும் கடைசித் தொகையை வைத்தே ஹோட்டல்களை ஒப்பிடுங்கள்.

பொதுவாக ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகை குறைவு. ஜனவரியில் சிஇஎஸ் என்ற மின்னணுச் சாதனக் கண்காட்சி, நவம்பரில் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்துவிட்டு, அவ்வப்போது விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் புதிதாகப் பதிவு செய்து, பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். ஹோட்டலின் உறுப்பினர் அட்டை இலவசம்தான். அதற்கென்று தனித் தள்ளுபடி உண்டு. ஆனால் இலவச அறை கிடைக்கும் என்று கூடுதலாகச் சூதாட வேண்டவே வேண்டாம்.

பழைய டவுன்டவுனில் ஃப்ரீமான்ட் தெருப் பக்கம் வாடகை பெரும்பாலும் குறைவு. அங்கிருந்து ஸ்ட்ரிப்புக்கு 24 மணி நேரமும் டியூஸ் பஸ் ஓடுகிறது. கார் எடுக்காவிட்டால் பார்க்கிங் காசும் மிச்சம்.

செக்-இன் செய்யும்போது டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை கணக்குக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகும்.