பெங்களூரில் ஆஃபர் வந்துவிட்டதா? ராஜினாமா பேப்பர் போடும் முன் படியுங்கள்

சென்னை, கோவையிலிருந்து வேலை மாறி பெங்களூர் வருபவர்களுக்கு இன்டர்வியூ நடைமுறை புதிதில்லை. சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர், பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் எல்லாம் அங்கே கேட்டதுதான், ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது ஆஃபர் வந்தபிறகு நடக்கும் கூத்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வரும். திங்கள் காலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்பார்கள். உங்களுக்கோ புதன்கிழமை வேறொரு கம்பெனியில் கடைசி ரவுண்ட். ஊரில் அம்மாவிடம் சொன்னால், "வந்த லட்சுமியை விட்டுடாதே, சரின்னு சொல்லிடு" என்பார்.

பிடிஎம் லேஅவுட் பிஜியில் என்னோடு தங்கியிருந்த தென்காசி நண்பன் அப்படித்தான் சரி என்றான். மறுநாளே எச்ஆர் அடுத்ததைக் கேட்டார்: "பேப்பர் போட்டு, ஆபீசில் அதை ஏற்றுக்கொண்ட மெயிலை அனுப்புங்கள்." போட்டான். புதன்கிழமை ரவுண்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். மாரத்தஹள்ளியில் வீடு பார்த்து அட்வான்ஸும் கட்டினான். ஜாயினிங் தேதி முதலில் ஒரு மாதம் தள்ளிப்போனது, அப்புறம் போனில் ஒரே வரி: அந்த புராஜெக்ட் இல்லை. பழைய கம்பெனியில் அவன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. வீட்டுக்காரர் பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவன் கையில் இருந்த கடிதத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து திரும்பப் படித்தோம். மேலே 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று போட்டிருந்தது, அதாவது வேலை தரும் எண்ணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கடிதம். சம்பளம் பைசா சுத்தமாக இருந்தது. ஜாயினிங் தேதி 'பின்னர் தெரிவிக்கப்படும்'. கடைசிப் பக்கத்தில், பின்னணி சரிபார்ப்புக்கும் நிறுவனத்தின் தேவைக்கும் உட்பட்டது என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதும், அவர்கள் கை கழுவிக்கொள்ள.

அதனால் பேப்பர் போடும் முன் ஜாயினிங் தேதி, பதவி, சம்பள விவரம் மூன்றும் உள்ள முழு ஆஃபர் லெட்டர் கையில் வேண்டும். பின்னணி சரிபார்ப்பை முதலில் முடித்துவிடச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் செய்வார்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் பாருங்கள்.

கெடுவை நீட்டிக் கேட்கத் தயங்காதீர்கள். இங்கே ஐடி வேலைகளில் 60, 90 நாள் நோட்டீஸ் சகஜம். உங்களுக்காக மூன்று மாதம் காத்திருக்கத் தயாராக இருப்பவர்களால் மூன்று நாள் காத்திருக்க முடியாதா? "ஆஃபருக்கு நன்றி, வேலையில் விருப்பம் இருக்கிறது, வியாழன் மாலைக்குள் முடிவு சொல்கிறேன்" என்று மெயில் போடுங்கள். போனில் சரி என்றால் போதாது, மெயிலில் பதில் வாங்குங்கள். ஆனால் ஒன்று: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நீங்கள் சம்மதம் சொல்லும்வரை அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். அந்த மூன்று நாளும் பழைய வேலை கையில் இருக்கட்டும்.

அன்றைக்கே இன்னொரு கம்பெனிக்கும் எழுதுங்கள்: கையில் ஆஃபர் இருக்கிறது, வியாழனுக்குள் பதில் சொல்ல வேண்டும், ரவுண்டை முன்னால் வைக்க முடியுமா? இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள், கடிதத்தைக் காட்டு என்பார்கள். நேரில் வரச் சொன்னால் ஒயிட்ஃபீல்டையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் ஒரே மதியத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்தபிறகும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டு, ஒன்றில் சேர்ந்து பார்த்து மற்றதற்குத் தாவும் யோசனையும் வேண்டாம். பிஎஃப் கட்டியிருந்தால் யுஏஎன் பாஸ்புக்கில் அந்தக் கம்பெனி பெயர் ஏறிவிடும், அடுத்த பின்னணி சரிபார்ப்பில் கேள்வி வரும். வேண்டாம் என்று முடிவானால் அன்றே மெயிலில் சொல்லிவிடுங்கள். வரிசையில் அடுத்து நிற்பவரும் நம்மைப்போல வாடகை கட்டிக்கொண்டு காத்திருப்பவர்தான்.