சிறிய தனி வீட்டை விற்க: விலை வைப்பதும் வீட்டைக் காட்டுவதும்

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. விளம்பரத்தில் 'சின்ன வீடு விற்பனைக்கு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நண்பர்கள் குழு முழுக்க அது சுற்றும், வாங்குபவர் மட்டும் வரமாட்டார். 'இரண்டு படுக்கையறை தனி வீடு, 800 சதுர அடி மனை' என்று எழுதினால் போதும்.

தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்த அளவு வீட்டைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் வாடகை வீட்டிலிருந்து முதல் சொந்த வீட்டுக்கு வருகிறவர். நகை, பி.எஃப்., சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்துக் கையில் ஒரு தொகை வைத்திருப்பார். மீதிக்கு வங்கி. அவரைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்கு இரண்டு விலைதான் உண்டு: கையிலிருந்து எவ்வளவு, மாதம் எவ்வளவு. நீங்கள் வைக்கும் விலை இந்த இரண்டுக்குள்ளும் அடங்க வேண்டும்.

விலையைக் கட்டுவது

மனையையும் கட்டடத்தையும் தனித்தனியே கணக்கிடுங்கள். 20-க்கு 40 அடி மனை, அதில் 600 சதுர அடி கட்டடம், வயது 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் மனை சதுர அடி 3,200 ரூபாய்க்குப் போகிறது என்றால் மனை மட்டும் 25.6 லட்சம். அதே தரத்தில் இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,300 ரூபாய் ஆகும் என்றால் கட்டடம் 13.8 லட்சம். ஆனால் இது 15 வயதுக் கட்டடம், தேய்மானம் கழிக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம். அதாவது 60 ஆண்டில் 90 சதவீதம் தேய்கிறது, 15 ஆண்டில் 22.5 சதவீதம். 13.8 லட்சத்தில் சுமார் 3.1 லட்சம் போக, நிற்பது 10.7 லட்சம். இரண்டும் சேர்த்து 36.3 லட்சம்.

பின்னால் இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டையும் மாடிப்படிக்குக் கீழிருக்கும் அறையையும் 600 சதுர அடிக்குள் சேர்க்காதீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடிப்பார். வரைபடத்தில் 540 என்று இருந்து நீங்கள் 600 சொல்லியிருந்தால், அந்த வித்தியாசம் கடன் தொகையில் இடிக்கும்.

மனையின் உண்மையான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் இருக்கும் விளம்பர விலை எல்லாம் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. பதிவுத்துறை இணையதளத்தில் அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்கம் (அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். சமீபத்தில் பதிவான கிரையங்களும் பத்திரத்தில் காட்டிய தொகையும் அதில் வரும். பல இடங்களில் அது கைமாறிய தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அதை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் ஓராண்டுக்குள் வாங்கியவரிடமே பேச்சுக் கொடுங்கள். அதே தளத்தில் வழிகாட்டி மதிப்பையும், அதாவது அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பையும், பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை, பத்திர விலையிலும் வழிகாட்டி மதிப்பிலும் எது அதிகமோ அதன்மேல்தான்.

தெருவின் குறைகளைக் கணக்கில் கழிக்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. 12 அடிச் சந்தில் கார் நுழையாது. தெருக்குத்து, அதாவது தெரு நேரே வந்து வீட்டில் முட்டுகிறது என்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை என்பது இங்கே செல்லாது. முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரிப் பகுதிகளில் முதல் கேள்வியே '2015-ல தண்ணி வந்துச்சா?' என்றுதான் இருக்கும். வந்தது என்றால் வந்தது என்றே சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரரிடம் எப்படியும் கேட்பார்கள். எவ்வளவு உயரம் ஏறியது, அதற்குப் பிறகு தரையை எத்தனை அடி உயர்த்தினீர்கள், 2023 டிசம்பரில் என்ன ஆனது என்று சேர்த்துச் சொன்னால் பேச்சு அங்கேயே முறியாது.

36.3 லட்சம் வந்த வீட்டுக்கு 40 சொன்னால் என்ன, பேரத்தில் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வாங்குபவர் பக்கம் போய்ப் பாருங்கள். வங்கி, ஒப்பந்த விலையிலும் தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலையிலும் எது குறைவோ அதன்மேல்தான் கடன் தரும். 80 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு 36.5 லட்சம், நீங்கள் கேட்பதும் அதுவே என்றால் கடன் 29.2 லட்சம். கையிலிருந்து 7.3 லட்சம், அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு சுமார் 3.3 லட்சம். மொத்தம் 10.6 லட்சம். அதே வீட்டுக்கு 40 கேட்டால்? கடன் அதே 29.2 லட்சம்தான். கையிலிருந்து 10.8, பத்திரச் செலவு 3.6, ஆக 14.4 லட்சம். நீங்கள் ஏற்றியது 3.5 லட்சம், அவர் கைப்பணத்தில் ஏறியது 3.8 லட்சம். இ.எம்.ஐ. மாறவே இல்லை. மதிப்பீட்டுக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடனில் கரையாமல் நேரே அவர் கைப்பணத்தில்தான் விழுகிறது. 'வீடு பிடிச்சிருக்கு, யோசிச்சுச் சொல்றோம்' என்று போனவர்கள் திரும்பி வராததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

அதனால் பேரத்துக்கு 4, 5 சதவீதத்துக்கு மேல் இடம் வைக்க வேண்டாம். இந்த வீட்டுக்கு 38 சொல்லி 36.5-க்கு இறங்கி வரலாம். ஐந்து தரகர்களிடம் ஐந்து விலை சொல்லாதீர்கள். ஒரே வீடு 37, 39, 42 என்று உலாவினால், எல்லோருமே 37-க்குக் கீழேதான் தொடங்குவார்கள். தரகுத் தொகை எத்தனை சதவீதம், யார் தருவது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

காகிதக் கோப்பு

வெள்ளையடிப்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். சுவர் ஒரு வாரத்தில் காயும், பட்டா அப்படி வராது. கோப்பில் இருக்க வேண்டியவை: உங்கள் கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள் (உங்களுக்கு முன் சொத்து கைமாறிய பத்திரங்கள்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி வரைபடம், கடைசி வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தொகுப்பு. அசலை யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அதிகமாகச் சிக்குவது மூன்று இடங்களில். ஒன்று, வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கி வந்திருப்பீர்கள். ஆனால் வங்கிக்கு எழுதிக்கொடுத்த அடமானத்துக்கு ரத்து ரசீது பதிந்திருக்கமாட்டீர்கள். வில்லங்கத்தில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். இரண்டு, பத்திரத்தில் 800, பட்டாவில் 776 என்று அளவு இடிக்கும். எந்த அளவு சரி என்று அளந்து தெரிந்துகொண்டு குறைந்த அளவுக்கே விலை சொல்லுங்கள். மூன்று, அப்பா பெயரில் இருந்து வந்த வீடு. வாரிசுச் சான்றில் இருக்கும் சகோதரிகளும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாகவே விடுதலைப் பத்திரம் எழுதித்தந்திருக்க வேண்டும். வாங்குபவர் முன்பணத்தோடு வந்து உட்கார்ந்த பிறகு அக்காவிடம் போய் நிற்பது நல்லதல்ல.

வீட்டைத் தயார்செய்வது

செலவு செய்ய வேண்டிய வரிசை: ஒழுகல், ஓதம், குளியலறை, அதன் பிறகே பெயின்ட். மாடுலர் கிச்சன் போடுவது, தரையை மாற்றுவது எல்லாம் வேண்டாம்; போட்ட பணம் திரும்பாது, வாங்குபவர் தன் விருப்பத்துக்கு உடைப்பார்.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்குச் சுவர் உப்பிப் பொரிந்து நிற்கிறதா? அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும். வீடு பார்க்க வருகிற பெரியவர் எவராவது புறங்கையை அந்தச் சுவரில் வைத்துப் பார்க்காமல் போகமாட்டார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. முதலில் பக்கத்துக் குழாய்க் கசிவையும், வெளியே சுவரை ஒட்டித் தேங்கும் தண்ணீரையும் நிறுத்துங்கள். பிறகு பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, நன்றாகக் காய்ந்த பின்தான் ப்ரைமர்.

மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். கீழே கறை விரிந்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குழாய் வாயைச் சுற்றியோ, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலோதான் இருக்கும். கறையை மட்டும் மறைத்து அடித்த கூரை, புதுப் பெயின்ட் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்து தானே காட்டிக்கொடுக்கும்.

குளியலறை டைல்ஸில் படிந்த உப்புக்கறைக்குச் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போதும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மொசைக், மார்பிள் தரையில் எந்த ஆசிட்டும் படக் கூடாது, பளபளப்பு அரித்துப்போகும்.

பெயின்ட்: 600 சதுர அடி வீட்டின் உள்சுவரும் கூரையும் சேர்த்து சுமார் 1,700 சதுர அடி வரும். எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்று வைத்தால் 26 லிட்டர். வீடு முழுக்க ஒரே நிறம், வெள்ளையோ தந்த நிறமோ. அறைக்கு ஒரு நிறம் அடித்தால் சிறிய வீடு இன்னும் துண்டு துண்டாகத் தெரியும். மஞ்சள் படிந்த சுவிட்சுகளை மாற்றிவிடுங்கள். செலவு குறைவு, வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

10-க்கு 10 அறையில் கட்டில், பீரோ, தையல் மெஷின் மூன்றும் இருந்தால் அறையே தெரியாது. பீரோவை உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். கட்டிலை மட்டும் விட்டுவைக்கலாம். கட்டில் போட்டபின் நடக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். பரணைக் காலி செய்யுங்கள். மாலை போட்ட படங்களைக் கழற்றி வையுங்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தயங்குவார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

படம் எடுப்பதும் காட்டுவதும்

காலை வெளிச்சத்தில், எல்லா ஜன்னலும் திறந்து, எல்லா விளக்கும் போட்டு, அறை மூலையில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் படுக்கைவாக்கில் பிடித்து எடுங்கள். தெரு, வாசல், ஹால், சமையலறை, அறைகள், குளியலறை, மாடி, மோட்டார் என்று பன்னிரண்டு படம் போதும். அடி அளவு குறித்த தரைப்படம் ஒன்றைக் கையால் வரைந்தாவது சேருங்கள். அது இருந்தால் வீண் வருகை பாதி குறையும்.

வருபவர்களுக்கு முன்னதாக மேல்தொட்டியை நிரப்பிவையுங்கள். குழாயைத் திறந்தால் காற்றுச் சத்தம் மட்டும் வந்தால் பேச்சு அங்கேயே திசைமாறும். போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எப்படி, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கணவன் மனைவி சமையலறையில் நின்று தனியாகப் பேசட்டும், கூடவே நிற்காதீர்கள். ஆடியில் யாரும் முன்பணம் தரமாட்டார்கள். அந்த மாதத்தை ரிப்பேருக்கு வைத்துக்கொண்டு ஆவணியில் காட்டத் தொடங்குங்கள்.

ஆறு வாரத்தில் போனே வரவில்லை என்றால் விலையோ படமோ சரியில்லை. பத்துப் பேர் வந்து பார்த்தும் ஒருவர்கூட விலை கேட்கவில்லை என்றால் வீட்டுக்குள் ஏதோ உறுத்துகிறது. தரகரைத் தனியே அழைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார். எல்லோரும் ஒரே தொகையைக் கேட்கிறார்கள் என்றால் அதுதான் சந்தை விலை.

விலை படிந்ததும் முன்பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். இந்த அளவு வீட்டுக்குப் பெரும்பாலும் அது வராது. ஒப்பந்தத்தில் கெடு மூன்று மாதம் வையுங்கள். வங்கிக் கடன் கைக்கு வர அது வேண்டியிருக்கும். வீட்டோடு எது போகிறது என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்: மின்விசிறி ஐந்து, மோட்டார், கீசர், கேட்டுப் பூட்டு, மாடியில் இருக்கும் கொடிக்கம்பி வரைக்கும்.